சாவி தொலைஞ்சா யாருகிட்ட போறது? தகரத் துண்டு முதல் ஸ்மார்ட் கீ வரை

யாழ்ப்பாணத்தில் 'திறப்பு' என்பார்கள். சிங்களத்தில் 'யதுர'. மலையகத்தில் நாம் சொல்வது 'சாவி'. நம்ம வாயோட ஒட்டிப்போன சொல்தான், ஆனால் அது போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போனது. அலமாரி, ஜன்னல் வந்த அதே கப்பலில் சாவியும் வந்தது. சொல் வந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. சாவி மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைக்குப் பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிற்கும் ஒரு வேன்காரரின் கையில் இருக்கும் சாவிக்குப் பல்லே இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் துண்டு, ரெண்டு மூணு பட்டன். பையில் இருந்தாலே கதவு திறக்கும், பட்டனை அமுக்கினா எஞ்சின் எடுக்கும்.

அது தொலைந்தால்? பழைய சாவி தொலைந்தால் சாவி வெட்டுற கடைக்காரரைக் கூட்டிட்டு வருவோம், அரைமணி நேரத்தில் வேலை முடியும். இந்தச் சாவி தொலைந்தால் முதல் கேள்வியே வேறு: "வண்டி யாரு பேர்ல இருக்கு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஒரு சாவி எப்படி உலோகமாக இருந்து அடையாள அட்டையாக மாறியது, அந்த மாற்றம் ஊவாத் தோட்டங்களில் வாழ்கிற நமக்கு ஏன் கொஞ்சம் பழகிய கதையாகத் தெரிகிறது என்று பார்ப்போம்.

யார் இடுப்பில் சாவி இருந்தது?

தோட்டத்தில் சாவி என்பது நீண்ட காலமாக இன்னொருவர் இடுப்பில் தொங்கிய பொருள். ஒபீஸ் இரும்புப் பெட்டியின் சாவி ஒருத்தரிடம். அரிசி கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலத்தில் அந்த அரிசி அறையின் சாவி ஒருத்தரிடம். ஸ்டோரு என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் சாவி ஒருத்தரிடம். பங்களாச் சாவி பெரிய தொரையிடம். 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பிராவுக்கு உள்ளே பூட்டி வைக்க நம்மிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கதவு இருந்தது, ஆனால் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். பூட்டு நம்மோடது, வீடு நம்மோடது இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், மத்திய மலைநாட்டிலும் ஊவாவிலும் கோப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தபோது, லண்டனில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜோசப் பிராமா என்பவரின் கம்பனி, தன் பூட்டைக் கடை ஜன்னலில் வைத்து, இதைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்திருந்தது. அறுபது வருஷமாக யாராலும் முடியவில்லை. 1851-ல் நடந்த பெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், 16 நாட்களில் மொத்தம் 51 மணிநேரம் உட்கார்ந்து அதைத் திறந்து காட்டினார். அதற்கு முன்னால் சப் கம்பனியின் 'திறக்கவே முடியாத' பூட்டையும் அரைமணிக்குள் திறந்திருந்தார். இங்கிலாந்தே கலங்கிப்போனது. பூட்டின் குறையை வெளியே சொல்வது திருடனுக்கு உதவுவதா, இல்லை பூட்டு வைத்திருப்பவனுக்கு உதவுவதா என்று அன்றைக்கு எழுந்த சண்டை இன்னும் முடியவில்லை. கார் சாவிக் கதையில் அது திரும்ப வரும்.

கைப்பிடியிலிருந்து பட்டனுக்கு

மோட்டார் கார் வந்த புதிதில் சாவி முக்கியமே இல்லை. எஞ்சினை எடுக்க முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கை நழுவினால் எலும்பு முறியும். 1912-ல் சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் கெடிலாக் காரில் வந்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் எடுக்கும் வசதியை 1949-ல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நாலைந்து பத்தாண்டுகள் கார் சாவி என்றால் பல் வெட்டிய ஒரு தகடுதான். பழைய டொல்பின் வேன், மாருதி 800, லொறி, டிராக்டர் எல்லாம் அந்தக் குடும்பம். தோட்டத்துத் திரீவீல் இன்னைக்கும் அந்தக் குடும்பம்தான். தொலைந்தால் பூட்டைக் கழற்றி அளவெடுத்து வெட்டிக்கொள்ளலாம். வெட்டுகிறவருக்குக் கண்ணும் அரமும் இருந்தால் போதும்.

இதே எளிமைதான் திருடனுக்கும் வசதி. 1980-களில் மேற்கு நாடுகளில் கார்த் திருட்டு கூடிக்கொண்டே போனது. 1986-ல் ஜெனரல் மோட்டர்ஸ் கொர்வெட் காரின் சாவிக்குள் ஒரு சின்ன மின்தடையைப் பதித்தது. மொத்தம் 15 அளவுகள். சாவியின் பல் சரியாக இருந்தாலும் மின்தடை அளவு சரியில்லை என்றால் எஞ்சின் எடுக்காது. அதாவது முதல் தடவையாகக் கார், சாவியின் உருவத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், "உன் நம்பர் என்ன?" என்று கேட்டது.

1990-களில் அந்த மின்தடையின் இடத்துக்குச் சில்லு வந்தது. பற்றரி இல்லாத, அரிசி மணியளவு கண்ணாடிக் குழாய்க்குள்ளும் அடங்கக்கூடிய டிரான்ஸ்பொண்டர். சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளிலிருந்து வரும் மின்காந்த அலையையே சக்தியாக எடுத்துக்கொண்டு தன் பதிலைச் சொல்லும். பதில் சரியில்லை என்றால் எரிபொருளும் பொறியும் வராது. இந்த அமைப்புக்குப் பெயர் இம்மொபிலைசர். 1998-லிருந்து ஐரோப்பாவில் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். 2001-ல் அவுஸ்திரேலியா, 2007-ல் கனடா. அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை. அதன் விலையை 2021, 2022-ல் கண்டார்கள்: இம்மொபிலைசர் போடாமல் விற்ற கியா, ஹியுண்டாய் கார்களை யூ.எஸ்.பி. வயரின் முனையை வைத்தே திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள் இளைஞர்கள், அதை வீடியோ எடுத்தும் போட்டார்கள். ஆகவே இந்தச் சில்லு வெறும் வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிட முடியாது. அது வேலை செய்கிறது.

அடுத்த படி பையிலிருந்து எடுக்காமலேயே திறக்கும் சாவி. 1990-களின் கடைசியில் மெர்சிடிஸ் மாதிரி விலையுயர்ந்த வண்டிகளில் வந்தது, 2003-ல் வெளியான பிரியஸில் ஸ்மார்ட் கீயாக வந்தது, பிறகு சின்ன ஜப்பான் கார்கள்வரை இறங்கியது.

காருக்குள்ளே ஒரு செக்ரோல்

இது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்வது லேசு. காலையில் பிரட்டுக்களத்துக்குப் போறோம். கணக்கப்பிள்ளை கையில் செக்ரோல் இருக்கு. அதில் பேர் இருந்தால்தான் வேலை. எவ்வளவு நல்லாக் கொழுந்து எடுக்கத் தெரிஞ்சாலும், ரோலில் பேர் இல்லாட்டி பேர் விழாது.

காருக்குள் இருக்கும் இம்மொபிலைசர் பெட்டியும் அப்படி ஒரு செக்ரோல் வைத்திருக்கிறது. எந்தெந்தச் சாவி நம்ம ஆள் என்று அதில் எழுதியிருக்கும். கதவுக்குப் பக்கத்தில் போனதும் கார், கொஞ்ச தூரமே போகும் தாழ்ந்த அலைவரிசையில் கூப்பிடுகிறது. சாவி விழித்து, அதிக தூரம் போகும் இன்னொரு அலைவரிசையில் பதில் சொல்கிறது. பதில் வெறும் பெயர் இல்லை. கார் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கேள்வி கேட்கும், சாவி தன்னிடம் இருக்கும் இரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு விடை சொல்லும். கார் தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ரெண்டும் ஒத்துப்போனால்தான் எஞ்சின்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சாவி தொலைந்தால் உண்மையில் தொலைவது பிளாஸ்டிக் இல்லை. செக்ரோலில் இருக்கும் ஒரு பேருக்குரிய ஆள்தான் தொலைந்து போறார். புதுச் சாவி வாங்குவது முக்கால்வாசி வேலை இல்லை. புதுப் பேரை ரோலில் எழுத வைப்பதும், பழைய பேரை வெட்டுவதும்தான் வேலை. அப்படி எழுதும் அதிகாரம் யாரிடம் என்பதுதான் கேள்வி.

ஊவாவுக்கு வந்த விதம்

2010-களில் இலங்கை வீதிகள் மாறின. ஜப்பானில் ஓடிய பாவித்த கார்கள், குறிப்பாக ஹைபிரிட் வண்டிகள், வரிசையாக வந்தன. அக்குவா, பிரியஸ், வெசல், வெகன் ஆர். கொழும்பில் மட்டுமில்லை, பண்டாரவளை, பசறை, ஹாலி-எல வளைவுகளிலும் அவை ஏறின. தோட்டத்தில் பிறந்து ஆசிரியரானவர்கள், கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்ச் சம்பாதித்தவர்கள், லீசிங் போட்டு ஹயர் ஓடுபவர்கள் கையில் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு காரின் சாவி வந்தது. நீண்ட காலம் தொரையின் காரைப் பார்த்து ஒதுங்கி நின்ற வளைவுகள் அவை. இதைச் சாதாரண விஷயமாக நாம் பார்க்கவில்லை.

பாவித்த வண்டி என்பதால் பல கார்கள் ஒரே ஒரு சாவியோடுதான் கையில் கிடைத்தன. ரெண்டாவது சாவி ஜப்பானிலேயே எங்கேயோ நின்றுவிட்டது. கார் புதுசு என்ற சந்தோஷத்தில் அதைப் பற்றி யாரும் அதிகம் யோசிக்கவில்லை.

பிறகு 2020 மார்ச்சில் வெளிநாட்டுச் செலாவணியைக் காரணம் காட்டி வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. இடையில் ஐந்து வருஷம். இருந்த வண்டிகளின் விலை ஏறியது, பழைய வண்டியே பொக்கிஷமானது. அந்த வண்டிகளுக்கெல்லாம் வயசாகிவிட்டது, சாவிகளுக்கும்தான். பட்டன் தேய்ந்து, மழையில் நனைந்து, ஒற்றைச் சாவியாக ஓடிக்கொண்டிருப்பவை எத்தனையோ.

தொலைஞ்சு போச்சு, இப்ப என்ன?

முதலில், தொலையாத சாவியைத் தொலைந்ததாக நினைப்பவர்கள் நிறைய. சாவியின் பற்றரி செத்தால் கார் கதவும் திறக்காது, "சாவி இல்லை" என்றும் காட்டும். அப்போது சாவிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் சின்ன உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறக்கலாம். உள்ளே போய்ச் சாவியை ஸ்டார்ட் பட்டனுக்கு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் எடுக்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் சில்லுக்குப் பற்றரி தேவையில்லை. பிறகு ஒரு பொத்தான் பற்றரி வாங்கிப் போட்டால் சரி. இது தெரியாமல் வண்டியைக் கட்டி இழுத்துப் போனவர்கள் உண்டு.

உண்மையிலேயே தொலைந்திருந்தால் நிலைமை ரெண்டு வகை. இன்னொரு சாவி வீட்டில் இருந்தால், பெரிய கவலை இல்லை. ரோலில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சாவி சாட்சி சொல்ல, புதுச் சாவியைச் சேர்ப்பது கொஞ்ச நேர வேலை. தொலைந்த சாவியின் பேரையும் அப்போதே வெட்டிவிடச் சொல்ல வேண்டும், இல்லாட்டி கண்டெடுத்தவர் வந்து வண்டியை எடுக்கலாம்.

எல்லாச் சாவியும் போய்விட்டால் சாட்சி சொல்ல ஆள் இல்லை. அப்போது வண்டியின் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. துவாரத்தில் கருவியை மாட்டி, ரோலையே அழித்து, புதிதாக எழுத வேண்டும். சில டொயோட்டாக்கள் இதற்கென்று 16 நிமிஷம் காக்க வைக்கும். திருடனுக்குப் பொறுமை இருக்காது என்ற கணக்கு. சில வண்டிகளில் பெட்டியையே கழற்றி, உள்ளே இருக்கும் நினைவகச் சில்லை நேராகப் படித்துத்தான் செய்ய முடியும். அது தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை என்றால், ஓடாத வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பதுளையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 230 கிலோமீற்றர்.

இன்னொரு பொறி அலைவரிசை. ஜப்பானில் ஓடிய கார்களின் சாவி 312 முதல் 315 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும். ஐரோப்பாவுக்குச் செய்த சாவி பெரும்பாலும் 433-ல் பேசும். வெளியில் பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மலிவாகக் கிடைக்குதே என்று ஒன்லைனில் வாங்கினால், அது வேற மொழி பேசும் சாவி. கார் காது கொடுக்காது. பழைய சாவியின் பின்பக்கத்தில் அல்லது உள்பலகையில் இருக்கும் எண்ணைப் பொருத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எண்ணை முன்னமே ஒரு படம் எடுத்து வைத்திருந்தால்தான் அதுவும் முடியும்.

செலவு? வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் பேச்சு பத்தாயிரங்களில்தான். ஒரு கணக்குக்கு, சாவியும் வேலையும் சேர்த்து 40,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024-ல் வர்த்தமானியில் அறிவித்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா. அப்படியானால் ஒரு சாவிக்கு 30 பேர். அம்மா மலையில் ஏறி இறங்கி, ஒரு நாள்கூட அரைப்பேர் விழாமல், 30 நாள். வேன் ஓட்டும் மகனும் கொழுந்தெடுக்கும் அம்மாவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்பதால் இந்தக் கணக்கைப் போடுகிறோம்.

"வண்டி யாரு பேர்ல?"

பொறுப்பான தொழில்காரர் ரோலை அழிப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். கேட்காதவர் நாளைக்கு நம்ம வண்டிக்கும் வேற ஒருத்தருக்குச் சாவி செய்து கொடுப்பார்.

ஆனால் இங்கேதான் நம்ம ஆளுங்க மாட்டிக்கொள்கிறார்கள். ஹாலி-எலப் பக்கம் ஒருத்தர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை வாங்கியது 'ஓபன் பேப்பர்'ல. அதாவது பழைய சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவம் மடித்துப் பெட்டியில் இருக்கிறது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பேர் மாற்றவில்லை. செலவு, அலைச்சல், ஒரு நாள் ஹயர் போகும் என்று தள்ளிப் போட்டது. சாவி தொலைந்த அன்றைக்கு அவர் தன் சொந்த வண்டிக்கு முன்னால் அந்நியனாக நிற்கிறார். லீசிங் என்றால் இன்னொரு சிக்கல்: சான்றிதழில் முழு உரிமையாளராக இருப்பது நிதிக் கம்பனி, இவர் பதிவு உரிமையாளர் மட்டும். பேரே இவருடையதாக இருந்தாலும், பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து. மலையகத்தில் இது வீட்டுக்கு வீடு இருக்கும் கதை.

பொலிஸில் முறைப்பாடு எழுதப் போனால் அடுத்த தடை மொழி. 1987-ல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1999-ல் பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. ஏட்டில் இருக்கும் உரிமை எழுத்தாளர் மேசைக்கு வருவதற்குள் நம்ம ஆள் சிங்களத்தில் எழுதியதை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பார். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்க, கேட்பது உரிமை.

இந்த அலைச்சல் நமக்குப் புதுசு இல்லை. 1901 அளவில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது 'டின் டிக்கட்' முறை வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த ஒரு சின்னத் தகர வில்லை. அதை வைத்திருந்தால் வழிச்செலவு கேட்க மாட்டார்கள். எண்ணைப் பார்த்து ஆளை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பி, செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். பிறகு அது தொழிலாளியின் கடனில் வந்து நிற்கும். வில்லை இருந்தால் வழி திறக்கும், எங்கே போகும் வழி என்பதை வில்லைதான் தீர்மானிக்கும்.

தோட்டம் மாறவும் அப்படித்தான். 'துண்டு' என்று ஒரு சீட்டு. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தொரை எழுதிக் கொடுப்பது. அந்தக் கடனை அடுத்த தோட்டம் கட்டும், தொழிலாளியின் தலையில் அது அப்படியே ஏறும். துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் எடுக்காது. 1921-ல் சட்டம் கொண்டுவந்து துண்டு முறையை ஒழித்தார்கள். அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1924-ல், பதுளைக்கு ரயில் வந்தது.

பிறகு 1948-ன் குடியுரிமைச் சட்டம். இங்கே பிறந்து, இங்கே உழைத்து, இங்கேயே வாக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் "நீ யாரு, காகிதம் காட்டு" என்று கேட்டார்கள். காட்டக் காகிதம் இல்லை. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேர் பிறகு என்று பிரித்தது. எஞ்சி நின்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆனது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது மண்ணுக்குள் போனது உயிர்களும் வீடுகளும் மட்டுமில்லை, பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருந்த காகிதங்களும்தான்.

கார் சாவி தொலைவதும் குடியுரிமை பறிபோவதும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. துண்டு ஆளைக் கட்டிப்போட்டது. சாவி நாமே காசு கொடுத்து வாங்கியது, நம்மைக் கொண்டுபோக உதவுவது. ஒப்பீடு அந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் ஒரு பாடம் ரெண்டுக்கும் பொது: பொருள் கையில் இருப்பதும், ரோலில் பேர் இருப்பதும் வேறுவேறு. ரோலை வைத்திருப்பவன் கேட்கும்போது காட்ட ஏதாவது இருக்க வேண்டும். அதைக் கஷ்டப்பட்டு மூன்று நான்கு தலைமுறையாகப் படித்திருக்கிறோம்.

இரகசியம் யாருக்கு?

சாவித் தொழில் இவ்வளவு விலையாவதற்கு இன்னொரு காரணம், கம்பனிகள் தங்கள் கணக்கு முறையை இரகசியமாக வைத்திருப்பது. இரகசியமாக இருந்தால்தான் பாதுகாப்பு என்பார்கள். வரலாறு வேற மாதிரி சொல்கிறது.

1883-லேயே ஒகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்பவர் எழுதினார்: ஒரு சங்கேத முறை முழுக்க எதிரியின் கையில் கிடைத்தாலும், திறவு எண் மட்டும் தெரியாத வரைக்கும் அது தாங்க வேண்டும். கார்க் கம்பனிகள் இதைக் கேட்கவில்லை. 2005-ல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தாரும், கோடிக்கணக்கான சாவிகளில் இருந்த டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லை உடைத்துக் காட்டினார்கள். அதன் இரகசிய எண் 40 பிட்டுகள்தான். 2011-ல் சூரிக்கில் ஆய்வாளர்கள் 8 கம்பனிகளின் 10 கார்களை எடுத்து, வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை நீட்டிக் காருக்குக் கொண்டுபோனால் கதவு திறக்கும் என்று நிரூபித்தார்கள். பத்துமே திறந்தன. 2013-ல் மெகாமோஸ் என்ற சில்லின் குறையை வெளியிடவிருந்த ஆய்வாளர்களை ஃபொக்ஸ்வாகன் இங்கிலாந்து நீதிமன்றத்துக்குப் போய்த் தடுத்தது. கட்டுரை 2015-ல், ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு வெளிவந்தது. 1851-ல் ஹாப்ஸைச் சுற்றி நடந்த அதே சண்டை.

இரகசியம் திருடனைத் தடுத்த நேரத்தைவிட, சின்ன ஊர்த் தொழில்காரரைத் தடுத்த நேரம்தான் அதிகம். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலம் 2012-ல், வண்டியைப் பழுதுபார்க்கும் தகவலைக் கம்பனிகள் வெளித் தொழில்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே அந்தப் பாதையில் போனது. தகவல் திறந்திருக்க வேண்டும், செய்பவர் பதிவு செய்யப்பட்டவராக இருக்க வேண்டும், யாருக்கு எந்த வண்டிக்குச் செய்தார் என்று ஏட்டில் எழுத வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் திருட்டுக்கும் இடமில்லை, ஏகபோகத்துக்கும் இடமில்லை.

இது நமக்கு ஏன் முக்கியம்? தோட்டத்தில் ஓ.எல். முடித்த பையனும் பிள்ளையும் கொழும்புக் கடைகளுக்கும் கார்மெண்ட்ஸுக்கும் போகிறார்கள். ஓட்டோ மெக்கானிசம் படித்தவர்கள் எஞ்சின் வேலை வரைக்கும் படிக்கிறார்கள். இன்றைய வண்டியில் பாதி வேலை கணினியில். சாவிச் சில்லைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த ரெண்டு பேர் பதுளையில் இருந்தால், பசறை, லுணுகலை, மடுல்சீமை ஆட்கள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கொழும்புக்குப் போக வேண்டாம். இதற்குக் கைலாவகமும் மின்னணு அறிவும் நேர்மையும் வேண்டும். மூன்றும் லயத்தில் கிடைக்காத சாமான்கள் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் இதைத் தமிழிலும் பாடமாக வைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் ஒவ்வொரு வீடும் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. ஒற்றைச் சாவியோடு ஓடுகிற வண்டி என்றால், அந்தச் சாவி கையில் இருக்கும்போதே ரெண்டாவதைச் செய்து ரோலில் சேருங்க. எல்லாம் தொலைந்த பிறகு செய்வதைவிட அது மலிவு. ரெண்டாவது சாவி வண்டிக்குள்ளே இருக்கக் கூடாது, வீட்டில் இருக்கணும். சாவியின் எண்ணையும் வண்டியின் செசி எண்ணையும் படம் எடுத்து இன்னொருவர் போனிலும் வையுங்க. காப்புறுதிப் பத்திரத்தில் சாவிக்கு ஏதாவது இருக்கா என்று ஏஜெண்டிடம் வாய்விட்டுக் கேளுங்க. பாவித்த வண்டி வாங்கினால், வாங்கிய அன்றைக்கே முந்தைய சாவிகளையெல்லாம் ரோலிலிருந்து வெட்டச் சொல்லுங்க.

எல்லாத்துக்கும் மேல, ஓபன் பேப்பரை மடித்து வைக்காதீங்க. ஒரு நாள் ஹயர் போனால் போகட்டும், வண்டியை உங்க பேருக்கு மாத்துங்க. வீட்டில் சம்பாதிப்பது அக்கா என்றால் அக்கா பேருக்கே மாத்துங்க. பேர் எழுதப்படாததால் நம்ம ஆளுங்க இழந்தது போதும்.